முற்றத்தில் ஒரு படகு

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது பொன்னமராவதி. அதே மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் கோட்டைப்பட்டினமும் செகதாப்பட்டினமும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். செம்மண்ணும் சரளையும் மழையை நம்பிய கண்மாய்களுமாகக் கிடக்கும் பூமி. இந்தப் பொன்னமராவதியில் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் சிறிய மரப்படகு ஒன்றைக் கட்டத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் என்ன சொல்லும்? அமரகண்டான் ஊருணியில் மீன் பிடிக்கப் போகிறாராக்கும் என்று ஒருவர் சிரிப்பார். தண்ணீர் கிடக்கும் மாதங்களை விரல்விட்டு எண்ணிக் காட்டுவார் இன்னொருவர். வீட்டிலுள்ள பெண்மணியோ, கதவு நிலைக்கு ஆகும் மரத்தை இப்படிப் பாழாக்குகிறாரே என்று உள்ளூர வருந்துவார்.

இந்தச் சிரிப்பு நமக்குப் புதிதன்று. நூஹ் நபி (அலை) அவர்கள் மரக்கலம் செய்துகொண்டிருந்தபோது, அவ்வழியே போன சமுதாயத் தலைவர்கள் போகும்போதெல்லாம் பரிகசித்ததைத் திருமறையின் ஹூது அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. தண்ணீரில்லாத தரையில் கப்பல் எதற்கு என்பதே அந்த ஏளனத்தின் சாரம் என்று விரிவுரையாளர் சிலர் விளக்குவர். பின்னர் நடந்ததை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள்.

நம் காலத்திலும் தண்ணீர் தனக்கென்று குறித்த எல்லையில் நின்றுவிடவில்லை. 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் மீனவர்களின் படகுகள் ஓடின. 2018 ஆகஸ்டில் கேரளத்துக் கடற்கரை மக்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்து, மாடிகளில் தவித்தவர்களை மீட்டார்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம்முடைய காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல ஊர்களில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அது. எனவே, வறண்ட ஊரில் படகு எதற்கு என்ற கேள்விக்குச் சிரிப்பு மட்டும் விடையாகாது.

ஆயினும் நூஹ் நபியின் மரக்கலத்தை நம் நண்பரின் படகுக்குச் சான்றாக நிறுத்திவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. அங்கே இறைகட்டளை இருந்தது. இங்கே இருப்பது ஆசை. ஆசை குற்றமன்று. தாவூத் நபி (அலை) தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்றும், ஸகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள் என்றும் நபிமொழிகள் தெரிவிக்கின்றன. ஓய்வு நாளைச் சீட்டாட்டத்திலும் வெட்டிப் பேச்சிலும் கழிப்பவரைக் காட்டிலும் இழைப்புளி பிடிப்பவர் எவ்வளவோ மேல். இதில் நமக்கு ஐயமில்லை. ஆகவே, கட்டலாமா என்ற கேள்வியை இத்துடன் விட்டுவிடுவோம். நாம் சிந்திக்க விரும்புவது வேறொரு கேள்வியை.

'என் வீடு, என் மரம், என் காசு, என் கை. எப்படிக் கட்டினால் யாருக்கென்ன?' என்று அவர் சொன்னால், அதற்கு நாம் என்ன மறுமொழி கூறுவது? வீட்டுக்குள் ஒருவர் தமக்கென்று செய்துகொள்ளும் பொருள் அவருடைய சொந்த விவகாரம் மட்டுந்தானா?

இக்கேள்விக்கு நேராகப் பொருந்தும் உவமை ஒன்றைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், புகாரியில் பதிவாகியுள்ளது. கப்பல் ஒன்றில் இடம் பிடிக்கச் சீட்டுப் போட்டார்கள். சிலருக்கு மேல்தளம் வாய்த்தது, சிலருக்குக் கீழ்த்தளம். கீழே இருந்தவர்கள் தண்ணீர் எடுக்க ஒவ்வொரு முறையும் மேலே இருந்தவர்களைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தொல்லை கொடுப்பானேன், நம் பங்குக்கு வந்த இடத்திலேயே ஒரு துளை போட்டுக்கொள்வோமே என்று கீழே இருந்தவர்கள் எண்ணினார்கள். மேலே இருந்தவர்கள் அவர்களைத் தடுக்காமல் விட்டால் இரு சாராரும் அழிவார்கள். தடுத்தால் இரு சாராரும் பிழைப்பார்கள். தீமையைத் தடுப்பது சமுதாயத்தின் கடமை என்பதற்கு மேடைகளில் இவ்வுவமையை எடுத்துக்காட்டுவது வழக்கம். நாம் இங்கே கவனிக்க வேண்டியது கீழ்த்தளத்தாரின் மனநிலையை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அடுத்தவருக்குத் தொல்லை தரக்கூடாது என்ற நல்லெண்ணத்திலிருந்தே அந்தத் துளை தொடங்குகிறது. பிறர் இடத்தில் அவர்கள் கைவைக்கவும் இல்லை. தங்கள் பங்கு, தங்கள் இடம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றார்கள். அவர்கள் மறந்தது ஒன்றே ஒன்று: பலகையைப் பங்கு போடலாம், தண்ணீரைப் பங்கு போட முடியாது.

அத்துளையின் கணக்கைச் சற்றே போட்டுப் பார்க்கலாம். நீர்மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே, சுண்டுவிரல் நுழையும் அளவில், ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டை இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் புகும். அரை மணியில் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடைய தட்டையான அடிப்பாகம் 1 சென்டிமீட்டர் அமிழ 30 கிலோ எடை போதும். ஆகவே அந்த அரை மணியில் படகு மேலும் 5 சென்டிமீட்டர் இறங்கிவிடும். இறங்க இறங்கத் துளையின் ஆழமும் கூடும், நீரின் வேகமும் கூடும். போதாததற்கு, உள்ளே புகுந்த நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை மிகுதிப்படுத்தும். சிறிய படகுகள் பல, நீர் நிரம்பி மூழ்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடுவது இதனாலேதான்.

நம் பொன்னமராவதி நண்பர் வேண்டுமென்று துளை போடப் போவதில்லை. ஆனால் துளை போடாமலே துளை வைக்க முடியும். படகு கட்டும் வேலையின் நுட்பமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மேசை நாற்காலியில் குறை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆட்டிப் பார்த்தால் கையும் சொல்லிவிடும். படகிலோ அதன் உயிர் நிற்கும் இடங்களெல்லாம் மறைவானவை. ஏரா எனப்படும் அடிக்கட்டையும் அதன்மேல் ஏறும் வங்குக்கால்களும் சேரும் மூலை, பலகையும் பலகையும் சந்திக்கும் பொருத்து, அந்தப் பொருத்தில் பஞ்சும் குங்கிலியமும் திணித்து அடைக்கும் கலப்பற்று ஆகிய அனைத்தும் வேலை முடிந்தபின் வண்ணப்பூச்சின் கீழ் ஒளிந்துகொள்கின்றன. ஈரம் காயாத பலகையை அவசரப்பட்டு அடித்துவிட்டால் அன்றைக்கு அது கச்சிதமாகவே நிற்கும். கோடை வந்து மரம் சுருங்கும்போதுதான் பொருத்து வாய் திறக்கும். கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. அந்த ஓராண்டைப் பொறுத்தவர் யார், பொறாதவர் யார் என்பதை வண்ணப்பூச்சு சொல்லாது.

நண்பருக்கு மரம் கிடைப்பதில் தட்டுப்பாடில்லை. பொன்னமராவதியைச் சுற்றிலும் செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, அவ்வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் நின்றது. இன்று இடிக்கப்படும் வீடுகளின் மரம் காரைக்குடியில் விலைக்குக் கிடைக்கிறது. கடல் கடந்து வந்த மரத்தை மீண்டும் தண்ணீரில் இறக்குவது அழகான எண்ணந்தான். ஆனால் பழைய உத்தரத்தில் முறிந்துபோன ஆணி உள்ளே புதைந்திருக்கும். தலைமுறைக்கணக்கில் சுமை தாங்கிய இடத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். இரும்பாணி ஈரத்தில் துருவேறினால், துரு பருத்து, சுற்றியுள்ள மரத்தையும் அரித்துக் கெடுக்கும். படகுக்குச் செம்பாணியை விரும்புவது இதனால்தான். இரும்பின் விலையும் செம்பின் விலையும் நாம் அறிந்ததே. பூசி முடித்தபின் எது உள்ளே இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

முழுமரம் வேண்டாம், கடையில் பிளைவுட் வாங்கிச் செய்யலாம் என்றாலும் கதை அதேதான். தண்ணீரில் நிற்கும் பிளைவுட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 710 என்று ஓர் எண் உண்டு. அதன் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விட்டுவிடாமல் நிற்க வேண்டும் என்பது அத்தரத்துக்குரிய சோதனைகளுள் ஒன்று. பலகையின்மேல் முத்திரை அடித்திருக்கும். ஆனால் நடு அடுக்குகளில் ஒரு துண்டு குறைந்து இடைவெளி விழுந்திருந்தால், மேலும் கீழும் ஒட்டிய வழவழப்பான தாள்கள் அதை மூடிவிடும். அறுத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. சமையலறை அலமாரிக்கு அது பெரிய குறையன்று. படகில் தண்ணீர் தேடிப் போகும் முதல் இடம் அதுவே.

இங்கே மதீனாவின் கடைத்தெரு நம் நினைவுக்கு வருகிறது. தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்த தானியம்; உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கருத்தைப் பெருமானார் கூறினார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தைக் கீழே வைத்து உலர்ந்ததை மேலே வைத்ததே குற்றமாயிற்று. படகின் வண்ணப்பூச்சும் அந்த உலர்ந்த தானியமும் ஒன்றே.

தானியம் பிறருக்கு விற்பதற்காக இருந்தது, நம் நண்பர் தமக்காகத்தானே கட்டுகிறார், தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வாரா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தாராளமாக ஏமாற்றிக்கொள்வார். மனிதன் மிக எளிதில் ஏமாற்றும் ஆள் அவனேதான். இரவு பத்து மணிக்கு, கை ஓய்ந்த வேளையில், இந்த ஓரிடம் போதும் என்று சொல்லும் குரல் எவருடையது? கடைக்காரருடையது அன்று. மேற்பார்வையாளர் இல்லை, சக தச்சர் இல்லை, சம்பளம் பிடிப்பவரும் இல்லை. ஊருணியில் விடும் துடுப்புப் படகைப் பார்க்கப் பெரும்பாலும் எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. ஒருவர் முற்றிலும் தனியாக விடப்படும் இடம் அது.

அந்த இடத்தில் நூஹ் நபியின் மரக்கலம் மீண்டும் நம்முன் வருகிறது, இம்முறை பரிகாசத்துக்கு விடையாக அன்று. இறைவனின் பார்வையின் கீழும் அவன் அறிவிப்பின்படியும் அக்கப்பலைக் கட்டுமாறு கட்டளை வந்தது என்பது ஹூது அத்தியாயம் தரும் செய்தி. கப்பலைக் கட்டு என்றாலே போதாதா? பார்வையின் கீழ் என்று ஏன் சேர்க்க வேண்டும்? இறைவனின் பாதுகாப்பை அது குறிக்கும் என்பது விரிவுரையாளர் கூற்று. அதை ஏற்றுக்கொண்டே, கைவேலை செய்பவர் அதில் இன்னொரு பொருளையும் காணலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. எவரும் பாராத மூலையும் பார்க்கப்படுகிறது. இஹ்ஸான் என்பதை நாம் தொழுகை விரிப்பில் வைத்தே பேசிப் பழகிவிட்டோம். நீ அவனைக் காணாவிடினும் அவன் உன்னைக் காண்கிறான் என்ற உணர்வு, வங்குக்காலுக்கும் அடிக்கட்டைக்கும் இடையிலுள்ள இருட்டில் வேலை செய்யாதிருக்குமா?

அதே மரக்கலத்தைத் திருமறை மற்றோரிடத்தில், கமர் அத்தியாயத்தில், பெயர் சொல்லாமல் அது எவற்றால் ஆனது என்பதைக் கொண்டே குறிக்கிறது. பலகைகளும் அவற்றைப் பிணைப்பவையுமாம். பிணைப்பைக் குறிக்கும் 'துஸுர்' என்னும் அரபுச் சொல்லுக்கு ஆணிகள் என்று பெரும்பாலோர் பொருள் கொண்டனர். ஈச்ச நார்க் கயிறுகள் என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. இது ஏட்டளவில் நிற்கும் கருத்து வேற்றுமை அன்று. அரபிக்கடலிலும் நம் சோழமண்டலக் கரையிலும் கயிற்றால் தைத்த கலங்கள் நெடுங்காலம் ஓடின. சென்னையில் துறைமுகம் எழுவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்குகளையும் அலைகளின் ஊடே கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகு, ஆணியின்றித் தேங்காய் நார்க்கயிற்றால் தைக்கப்பட்டதே. பதினான்காம் நூற்றாண்டில் இக்கடல்களில் பயணம் செய்த இப்னு பதூதா இதன் காரணத்தையும் எழுதிவைத்தார். இரும்பாணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடையும். கயிற்றால் தைத்ததோ வளைந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் கேட்டறிந்த விளக்கம். தைத்த கலத்தின் நன்மை இன்னொன்று நமக்குப் படுகிறது. தையல் வெளியே தெரியும். நைந்த கயிற்றைக் கண் காணும், கை பிரித்து மீண்டும் தைக்கும்.

வீட்டில் படகு கட்டும் பழக்கம் நம் காலத்தில் பெருகியதும் ஒரு தையலால்தான் என்பது வியப்பான செய்தி. 1963-இல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் மிரர் என்ற சிறு பாய்ப்படகு அறிமுகமாயிற்று. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், வீட்டுக் கைவேலைகளைத் தொலைக்காட்சியில் கற்பித்த பேரி பக்னெலும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். வெட்டித் தந்த பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, பொருத்துகளின்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் தடவி ஒட்ட வேண்டும். 11 அடிக்குச் சற்றுக் குறைவான நீளம். தச்சு பயிலாத ஆசிரியர்களும் எழுத்தர்களும் தத்தம் வீட்டிலேயே அதைக் கட்டினார்கள். இன்றுவரை 70,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன என்பர். கற்றுக்குட்டியும் கடமை தவறாமல் படகு கட்டலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் கற்றுக்குட்டியின் தனித்திறமையால் அது நடக்கவில்லை. அறிந்தவர் ஒருவர் முன்னதாகச் சிந்தித்து, தவறு நேரும் இடங்களைக் குறைத்துக் கொடுத்தார். கட்டியவர் அந்த முறைக்குக் கட்டுப்பட்டார்.

கட்டுப்பட மனமில்லாதவர் தம் நல்லெண்ணத்தைக் காட்டித் தப்ப முடியுமா? நிய்யத்தே செயலின் உயிர் என்பதில் நமக்கு இருகருத்து இல்லை. எனினும் மருத்துவம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. அவர் நோயாளியைக் கொல்லவா நினைத்தார்? குணப்படுத்தவே நினைத்தார். நல்ல எண்ணம் அறியாமைக்கு ஈடாகவில்லை. மருந்தைப் பற்றிச் சொன்னதைப் படகுக்குப் பொருத்திப் பார்ப்பதில் பிழையில்லை என்றே கருதுகிறோம்.

கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று மாலை நேர்ந்ததை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூவல்தீரம் கரையில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பரப்பனங்காடியைச் சேர்ந்த ஒரே முஸ்லிம் குடும்பத்தினர்; குழந்தைகளும் உண்டு. மீன்பிடிப் படகு ஒன்றை உல்லாசப் படகாக மாற்றியமைத்து, அளவுக்கு மீறிய ஆட்களை ஏற்றியிருந்தார்கள் என்று பின்னர் வெளியாயிற்று. மீன்பிடிப் படகாக இருந்தவரை அதன் பாரம் கீழே இருந்தது. ஆட்கள் ஏறும் தளத்தை மேலே வைத்தால் பாரத்தின் மையமும் மேலே ஏறும். பிறகு ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்த்தும் வலிமை குறைந்துவிடும். இது பெரிய விஞ்ஞானமன்று, வள்ளத்தில் எழுந்து நிற்காதே என்று கடற்கரைக் கிழவர்கள் சிறுவர்களை அதட்டுவது இதைத்தான். ஏறியவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பெருநாள் உடையைப் போலப் புது வண்ணம் பூசிய படகை அவர்கள் கண்டார்கள், ஏறினார்கள்.

மறைவில் ஒரு பலகையைப் பெயர்த்தவரைத் திருமறை போற்றவில்லையா என்று மார்க்கம் கற்ற வாசகர் எவரேனும் இடைமறிக்கலாம். கஹ்ஃபு அத்தியாயத்தில் ஹிழ்ரு (அலை) அவர்கள் செய்ததைத்தான் அவர் நினைவூட்டுவார். அவர்களையும் மூஸா நபியையும் (அலை) கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்ட ஏழை உழைப்பாளிகளின் படகு அது. அதை அவர் சேதப்படுத்தினார். இதில் இருப்பவர்களை மூழ்கடிக்கவா இப்படிச் செய்தீர் என்று மூஸா நபி துடித்துப்போய்க் கேட்டார்கள். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் இருந்தான் என்பதும், குறையுள்ளதாகத் தோன்றினால் ஏழைகளின் படகு தப்பும் என்பதும் பிறகே விளங்கின. ஆபத்து நீங்கியதும் அவர்கள் அதைச் செப்பனிட்டுக்கொண்டார்கள். இந்நிகழ்ச்சியை நாம் மதிக்கிறோம். ஆனால் ஹிழ்ரு செய்தது இறைவன் தந்த அறிவால். தம் விருப்பத்தால் செய்யவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அந்த அறிவு நமக்கு அருளப்படவில்லை. நமக்கு அருளப்பட்டிருப்பது மூஸா நபியின் கேள்விதான்: இதில் இருப்பவர்கள் மூழ்கிவிட மாட்டார்களா? நபி ஒருவரே கேட்ட கேள்வி ஆதலால், அதைக் கேட்பதில் எவருக்கும் வெட்கம் வேண்டியதில்லை. இன்னொரு சிறு செய்தியும் இதில் உண்டு. அரசனின் கண்ணுக்குத் தெரியும்படியே அந்தக் குறை உண்டாக்கப்பட்டது. மறைத்துவைத்த குறை அங்கே எவரையும் காப்பாற்றியிருக்காது.

வீட்டில் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் முதலில் கேட்பவர் தாய். 'பிள்ளைகளை ஏற்றலாமா?' இதைவிடக் கடுமையான பரிசோதனையை எந்தத் துறைமுக அதிகாரியாலும் நடத்த முடியாது. தம் பிள்ளை ஏறும் படகு என்றதும் நம் நண்பரின் கை தானாகவே நிதானப்படும். போதும் என்று முன்னிரவில் விட்ட இடத்தைக் காலையில் மறுபடியும் பிரிப்பார். பழைய கடற்கரை ஊர்களில் கலம் கட்டியவர்களுக்கும் இதே நிலைதான். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உள்ளூர்க் கைவினைஞர் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக் கடலையும் கடந்து 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கேரளத்தின் பேய்ப்பூரில் உரு எனப்படும் பெரிய மரக்கலங்களைக் காகிதத்தில் வரைபடமின்றி மனக்கணக்கிலேயே கட்டிவந்தார்கள். அவற்றை நீரில் இறக்குவோர் மாப்பிள்ளை கலாசிகள். அத்தகைய ஊர்களில் கலம் கட்டுபவருக்கும் கலத்தில் போகிறவருக்கும் இடையே ஒரு தெருவின் தொலைவுதான். பொருத்து விட்டுப்போனால் அழப்போவது அடுத்த வீட்டார். இன்று நம் கடற்கரைகளில் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அந்த மாற்றம் விரைந்தது. அதைக் குறைகூற நாம் வரவில்லை. எங்கோ ஓர் ஆலையில் இழையை அடுக்குபவர், அதில் போகப்போகிறவரின் முகத்தை அறியார் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறோம்.

பிள்ளைக்குக் காட்டும் அந்தக் கவனம், முகமறியாதவருக்கும் கடமையா? நம் கேள்வி கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. இரக்கத்தின்படி ஆம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பிறர் பிள்ளைமேல் நம் பிள்ளைக்கு நிகரான பாசம் வரவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. ஷரீஅத் அவ்வாறு கட்டாயப்படுத்தவும் இல்லை. அது வேறு வழியில் போகிறது. பாசத்தை விட்டுவிட்டு அமானிதத்தைப் பிடிக்கிறது. விற்கும் பொருளிலுள்ள குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விற்றுவிட்டால், குறை தெரியவந்தபின் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இவ்வுரிமையைத் தனித் தலைப்பிட்டே பேசுகின்றன. வாங்குபவர் உறவினரா, அயலூராரா, எந்தச் சமயத்தவர் என்பதால் இதில் மாற்றமில்லை.

நம் நண்பரின் படகு இவ்வளவையும் கடந்து முடிந்துவிட்டதாகக் கொள்வோம். நீரில் இறக்குமுன் அதை முற்றத்திலேயே இரண்டு கட்டைகளின்மேல் தூக்கிவைத்து, உள்ளே அடிப்பாகம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி நிறுத்த வேண்டும். வெளியே எந்தப் பொருத்தில் கசிகிறது என்று அடியில் குனிந்து பார்த்துக் கரிக்கோடு போட வேண்டும். பலகை வைத்துக் கட்டியதானால் மரம் ஊறிப் பருத்துச் சில கசிவுகள் தாமே அடைந்துவிடும். அடையாதவை மீண்டும் கலப்பற்றுக் கேட்பவை. வடகிழக்குப் பருவமழையில் ஊருணி நிரம்பியதும் முதல் தடவை அவர் தனியாகப் போய் வரட்டும். பிள்ளைகள் பிறகு ஏறலாம், மிதவைச் சட்டையோடு.

சில ஆண்டுகள் சென்றபின், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட, கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒருவர் அதை விலைக்குக் கேட்டு வருகிறார். நல்ல விலை சொல்கிறார். அமரத்துப் பக்கம் ஒரு பொருத்து முன்பொரு முறை விட்டுப்போய், அடைத்து, மேலே பச்சை வண்ணம் பூசியிருக்கிறது. வந்தவர் சுற்றிவந்து தட்டிப் பார்க்கிறார். பச்சை நன்றாயிருக்கிறது என்கிறார். வேறொன்றும் கேட்கவில்லை. அடைத்த இடம் எது என்பதை அறிந்தவர் அந்த முற்றத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் அங்கே விரலை வைத்துக் காட்டியபின் விலை எவ்வளவு குறையுமோ, அதுவே அப்படகின் விலை.